நாய்க்கு ஒரு வேலை கொடுங்கள்

சென்ற மாதம் ஒரு மாலை நேரத்தில் நண்பர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் படலையைத் திறந்து உள்ளே வந்தபோது நான் விறாந்தையில் தரையில் அமர்ந்திருந்தேன். எனக்கு முன்னால் மூன்று சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றின் கீழே அவித்த முட்டையின் ஒரு துண்டு இருந்தது. எங்கள் வீட்டு மணி ஒவ்வொரு சிரட்டையாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. மணி ஊர்நாய்தான். மழைக்கு எங்கள் மதிலோரம் ஒதுங்கிய குட்டி, பிறகு போக மறுத்துவிட்டது. நடுச் சிரட்டையை மூக்கால் தள்ளிப் புரட்டி, முட்டையை விழுங்கிவிட்டு, 'இன்னொரு முறை' என்பதுபோல என் முகத்தைப் பார்த்தது.

நண்பர் கதிரையில் அமர்ந்தபடி சிரித்தார். "அண்ணை, பேப்பர் வேலையை விட்டாப் பிறகு உங்களுக்கு இதுதானே வேலை? சனமே சாப்பாட்டுக்கு அல்லாடுது. நீங்கள் நாய்க்கு விளையாட்டுக் காட்டுறியள்" என்றார். அத்துடன் நிற்கவில்லை. "எங்கடை வீட்டிலையும் ஒண்டு நிக்குது. ஒரு சத்தம் சலார் இல்லை. அவ்வளவு நல்ல பிள்ளை" என்றும் சொன்னார்.

அவருடைய 'நல்ல பிள்ளை'யை நான் அறிவேன். பெரும்பணம் கொடுத்து வாங்கிய அல்சேஷன். வீட்டின் கோடிப்புறத்தில் இரும்புக் கூட்டுக்குள் நிற்கிறது. இரவு பத்து மணிக்குத் திறந்துவிடப்பட்டு, காலை ஐந்தரைக்கு மீண்டும் அடைக்கப்படும். நேரந்தவறாமல் சோறு கிடைக்கும், தடுப்பூசியும் போடப்படும். அதன் நான்கு கால்களும் அந்தக் கூட்டுக்குள் ஒரே வட்டத்தில் நடந்து நடந்து சீமெந்துத் தரையிலே ஒரு தடத்தை ஏற்படுத்தியிருக்கின்றன. அந்தத் தடத்தை நண்பர் ஒருநாளும் கவனித்ததில்லை.

வந்தவரோடு வாதாடுவது நாகரிகமல்ல என்பதால் அன்று நான் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவனுக்கு வாய் மூடினாலும் கை சும்மா இருக்காது. அவருக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். இது அவருக்கு மட்டுமான பதிலுமல்ல.

"நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை" என்று நமது பழமொழி ஒன்று சொல்கிறது. வீணாக அலைபவரைக் கேலி செய்ய இதைப் பயன்படுத்துகிறோம். இந்தப் பழமொழியில் பாதி பொய். யாழ்ப்பாணத்து ஊர்நாய்க்கு ஒருகாலத்தில் வேலை இருந்தது. முற்றத்தில் காயும் ஒடியலிலும் மிளகாயிலும் காகமும் கோழியும் வாய் வைக்காமல் பார்த்தது. தோட்டத்துக்குப் போகும் ஐயாவுக்கு முன்னால் ஓடியது. இரவில் வேலியோரம் புதிய காலடி கேட்டால் அயலைக் கூட்டியது. வேலை இல்லாத வேளையில் கிடுகு வேலியின் அடியிலே தானே பிரித்துக்கொண்ட பொட்டு வழியாக ஒழுங்கைக்குப் போய், யார் வந்தார், யார் போனார், எந்த வீட்டில் மீன் காய்ச்சினார்கள் என்ற செய்திகளையெல்லாம் மூக்கால் வாசித்துவிட்டு வீடு திரும்பியது. என்னைக் கேட்டால், அதுவும் ஒரு வகையில் நிருபர் உத்தியோகம்தான்.

பிறகு நாம் வேலிகளை அகற்றி மதில்களை எழுப்பினோம். படலை இருந்த இடத்திலே இரும்புக் கதவு வந்தது. மதிலில் பொட்டு இல்லை. ஒழுங்கையில் மோட்டார் வாகனங்கள் பெருகின. நீர்வெறுப்பு நோய் பற்றிய அச்சமும் நியாயமானதே. எனவே நாயை அவிழ்த்துத் தெருவில் விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது நாய்க்கும் கேடு, ஊருக்கும் கேடு. ஆனால் அதன் வேலையையும் உலகத்தையும் பறித்த நாம், பதிலுக்கு அதற்கு என்ன கொடுத்தோம் என்பதே எனது கேள்வி. ஒரு சங்கிலியும் ஒரு கோப்பைச் சோறும் கொடுத்தோம். கதவிலே 'நாய் கடிக்கும், கவனம்' என்று ஒரு பலகையும் மாட்டினோம்.

மற்றவரைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் ஜிம்மி என்றொரு நாய் இருந்தது. வளவின் வேப்பமரத்தில், ஆறடிச் சங்கிலியில், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கட்டப்பட்டிருந்தது. நான் இரவுக் கடமை முடித்து விடியற்காலையில் வந்து பகலெல்லாம் உறங்குபவன். நாய் குரைத்தால் உறக்கம் கெடும். அந்நாட்களில் இரவில் நாய் குரைப்பதற்கு வேறு அர்த்தங்களும் இருந்தன என்பதை அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். முதல் ஆண்டு ஜிம்மி ஓயாது குரைத்தது, மண்ணைத் தோண்டியது, சங்கிலியைக் கடித்தது. நான் அதட்டினேன். இரண்டாம் ஆண்டு அடங்கிவிட்டது. 'பழகிவிட்டது, நல்ல நாய்' என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம்.

1995 அக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த நாளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. சைக்கிளில் மூட்டைகளைக் கட்டிவிட்டுப் புறப்படும் வேளையில் வேப்பமரத்தடிக்குப் போய் ஜிம்மியின் கழுத்துப் பட்டியைக் கழற்றினேன். "ஓடு" என்றேன். அது ஓடவில்லை. நாங்கள் படலையைத் தாண்டும்போது எழுந்து எங்களை நோக்கி நடந்து வந்தது. சங்கிலி முடியும் இடம் எதுவோ, சரியாக அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. கழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு அப்பால் ஓர் அடி வைக்கவில்லை. நான் கூப்பிட்டேன். அது வாலை ஆட்டியது, வரவில்லை. பின்னால் சனம் நெருக்கியது. நாங்கள் செம்மணி வெளியை நோக்கி நடந்தோம்.

1996இன் நடுப்பகுதியில் திரும்பி வந்தபோது வேப்பமரத்தில் துருப்பிடித்த சங்கிலி மட்டும் கிடந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின்னரே, அந்த மரத்தடியில் நான் கண்டதற்கு அறிவியலில் ஒரு பெயர் உண்டு என்பதை அறிந்தேன். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய இருவரும் நாய்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். இன்று எந்த நல்ல பல்கலைக்கழகமும் அனுமதிக்காத கொடுமையான பரிசோதனை அது. சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. அவை தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. ஆனால் அவை எதைச் செய்தாலும் அது நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் தாழ்வான தடுப்பு ஒன்று குறுக்கே உள்ள பெட்டியில் விட்டனர். தடுப்பைத் தாண்டினால் தப்பலாம். முதலாம் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை, தப்ப வழியிருந்தும் படுத்துக் கிடந்தன. 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று அதற்குப் பெயரிட்டனர்.

அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அரை நூற்றாண்டு கழித்து 2016இல் அதே இருவரும் தமது கோட்பாட்டைத் தாமே தலைகீழாக மாற்றியதுதான். நீடித்த துன்பத்தில் செயலற்றுப் படுத்துவிடுவது கற்றுக்கொள்ளப்படும் பாடமல்ல, அது மூளையின் இயல்பான எதிர்வினை. 'என் செயலால் என் நிலைமையை மாற்ற முடியும்' என்பதே கற்றுக்கொள்ளப்பட வேண்டிய பாடம் என்று அவர்கள் எழுதினார்கள். அந்தப் பாடத்தை யாராவது கற்பிக்க வேண்டும். ஜிம்மிக்கு நான் கற்பிக்கவில்லை.

சிரட்டை விளையாட்டு கற்பிப்பது அந்தப் பாடத்தைத்தான். இங்கே ஒரு புதிர் இருக்கிறது. அதை நானே தீர்க்கலாம். தீர்த்தால் பலன் உண்டு. நாயின் சிறிய மூளைக்குள் இந்த மூன்று வாக்கியங்களும் எழுதப்படுகின்றன.

இது என் கற்பனையுமன்று. சுவீடனின் விவசாய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பீகிள் நாய்களை இணை இணையாக வைத்துப் பார்த்தனர். ஒரு நாய் தான் கற்ற செயலைச் செய்து முடித்ததும் பரிசைப் பெற்றது. மற்றதற்கு அது எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதே நேரத்துக்குப் பரிசு கிடைத்தது. இரண்டுக்கும் பரிசு ஒன்றுதான். ஆனால் தானே சாதித்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குள் ஓடியது. சும்மா வாங்கித் தின்ற நாயோ நாளடைவில் உள்ளே போகவே தயங்கியது. இனாமாகக் கிடைத்த உணவில் அந்த மகிழ்ச்சி இல்லை. சலுகைக்கும் உழைப்புக்கும் உள்ள வேறுபாட்டை மனிதருக்குப் போதிக்கும் நாம், அது நாய்க்கும் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ள ஏன் தயங்குகிறோம்?

2019இல் ஷார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. ஒரு பகுதி நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பத்தால் உணவைத் தேடும் விளையாட்டைக் கொடுத்தனர். மறுபகுதிக்கு எஜமானரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியைக் கொடுத்தனர். பின்னர், உணவு இருக்குமோ இல்லையோ என்று நிச்சயமில்லாத ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்துப் பார்த்தபோது, மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள் முன்னரைவிட விரைவாக அதை நோக்கிப் போயின. நன்மை நடக்கும் என்ற எதிர்பார்ப்பு அவற்றுக்கு வளர்ந்திருந்தது. கீழ்ப்படிந்து நடந்த நாய்களில் அந்த மாற்றம் காணப்படவில்லை. 'இரு', 'நில்', 'வா' என்று அதட்டுவதையே நாய் வளர்ப்பு என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நண்பரின் முதற் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சனம் அல்லாடும்போது நாய்க்கு விளையாட்டா? 2022இன் நெருக்கடியில் எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றவர்களுள் நானும் ஒருவன். எனவே செலவைப் பற்றி எனக்குப் போதிக்க வேண்டியதில்லை. மணியின் விளையாட்டுக்காக நான் ஒரு சதமும் செலவழிப்பதில்லை. அது வழமையாகத் தின்னும் உணவில் ஒரு கைப்பிடியை எடுத்து, அதைத் தேடித் தின்ன வைக்கிறேன். அவ்வளவுதான். மேலதிகமாகக் கொடுப்பது என் பத்து நிமிடங்களை. காலையில் பத்து, மாலையில் பத்து.

மூன்று சிரட்டைகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். முதலில் ஒரு சிரட்டையுடன், நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உணவை மூடி வைக்க வேண்டும். அது பழகிய பின் இரண்டு, பிறகு மூன்று, பிறகு இடம் மாற்றி வைத்தல். பழைய சாரம் ஒன்றை விரித்து, உணவுத் துணுக்குகளைத் தூவி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக் கொடுத்தால், அதை மூக்காலும் காலாலும் விரித்துத் தேடும். இட்டலித் தட்டின் குழிகளில் துணுக்குகளை இட்டு, மேலே பழைய ரெனிஸ் பந்துகளை வைத்து மூடினால் அதுவும் ஒரு புதிர். ஓர் அட்டைப் பெட்டிக்குள் கசக்கிய பத்திரிகைத் தாள்களை நிரப்பி நடுவே ஒரு துண்டு இறைச்சியை ஒளித்து வைக்கலாம். நான் எழுதிய ஆசிரியத் தலையங்கங்களை இவ்வளவு ஆழமாக அலசிய வாசகர் மணியைப் போல வேறெவரும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலானது ஒளித்துப் பிடிக்கும் விளையாட்டு. பிள்ளை ஒருவர் நாயைப் பிடித்திருக்க, இன்னொருவர் அறைக் கதவின் பின்னால் ஒளிந்து பெயர் சொல்லி அழைக்கலாம். பிறகு அழைக்காமலே தேட வைக்கலாம். மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களில் வீடே களைகட்டும். பொருட்களின் பெயர்களையும் கற்பிக்கலாம். அமெரிக்காவில் ஜோன் பில்லி என்ற பேராசிரியர் வளர்த்த சேசர் என்ற நாய் 1022 விளையாட்டுப் பொருட்களின் பெயர்களை அறிந்திருந்தது என்று 2011இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. மணிக்குப் 'பந்து', 'செருப்பு', 'துவாய்' என்று மூன்று சொற்கள் தெரியும். செருப்பைக் கேட்டால் எப்பொழுதும் இடக்காற் செருப்பைத்தான் கொண்டு வருகிறது. போகட்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. ஆடும்போது பக்கத்தில் இருங்கள். துணியையோ தாளையோ விழுங்கும் நாய்க்கு அவற்றைக் கொடுக்காதீர்கள். இரண்டு நாய்கள் இருந்தால் உணவு விளையாட்டை வெவ்வேறாக வையுங்கள், இல்லாவிட்டால் சண்டையில் முடியும். சிறு பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். முந்திரிகைப் பழம், அதன் வற்றல், சொக்கிலேற், வெங்காயம், சமைத்த கோழி எலும்பு ஆகியவை நாய்க்கு ஆகா. புதிர் மிகக் கடினமாக இருந்து நாய் தோற்றுக்கொண்டே இருந்தால், அது நான் மேலே சொன்ன இயலாமையின் இன்னொரு பாடமாகிவிடும். எனவே எளிதாகத் தொடங்கி, அது வென்ற நிலையில் நிறுத்திவிடுங்கள். இவையெல்லாம் நடைக்குப் பதிலும் ஆகாது. நடை வேறு, இது வேறு. ஆனால் வயதான நாய்க்கும் நோயில் கிடக்கும் நாய்க்கும் நடக்க முடியாதபோதும் மூக்கு வேலை செய்யும் என்பதை மறவாதீர்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நாய்கள் சங்கிலியில் இல்லை, கம்பளத்தில் படுக்கின்றன. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருவரும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் புறப்பட்டு இரவு ஏழு மணிக்குத் திரும்பும் வீட்டில், நான்கு சுவர்களுக்குள் பன்னிரண்டு மணித்தியாலம் தனித்திருப்பதும் நீண்டதொரு சங்கிலிதான். அது சோபாவைக் கிழித்தால் 'கெட்ட நாய்' என்கிறீர்கள். சோபாவைக் கிழிப்பது அது தானாகத் தேடிக்கொண்ட வேலை. அந்தக் குற்ற உணர்வைக் கடையில் விற்கும் புதிர்ப் பலகைகளாலும் இறப்பர் பொம்மைகளாலும் தீர்க்க முயல்கிறீர்கள். பொம்மைகள் நல்லவையே. ஆனால் அலுமாரி நிறையப் பொம்மைகளை வாங்கிவிட்டு, நாயுடன் தரையில் அமர ஒருவருக்கும் நேரமில்லை என்றால், கடைக்காரருக்கு மட்டுமே இலாபம்.

இங்கே உள்ளவர்களோ வேறொரு நோயில் இருக்கிறார்கள். 'சாதி நாய்' என்ற சொல்லைச் சற்றும் கூச்சமின்றிப் பயன்படுத்துகிறோம். பனியில் வண்டி இழுக்கவென்று வளர்க்கப்பட்ட ஹஸ்கியை வாங்கிவந்து வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பல்கனியில் நிறுத்துகிறோம். மந்தை மேய்ப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த மூளையை வாங்கி, இரும்புக் கூட்டில் பூட்டுகிறோம். விலை கொடுத்தது அதன் அறிவுக்கா, அயலவரின் பார்வைக்கா?

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. வழமையாகச் சங்கிலியிலோ ஒடுங்கிய அடைப்பிலோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான உடற்பயிற்சி கொடுக்கத் தவறுவது வதை என்று அதன் 11ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் அது நினைவில் இருக்கிறது? இலங்கையின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டமோ 1907ஆம் ஆண்டுக்குரியது. ஆயினும் சட்டம் எவ்வளவுதான் கூர்மையாக இருந்தாலும், உடலுக்கு மட்டுமே அது காவல் நிற்கும். சலிப்பால் சாகும் மனதுக்காக எந்தப் பொலிஸ்காரரும் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை.

நாம் நாயை அறியாத சமூகமன்று. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மறுத்த தருமனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எங்கள் ஒழுங்கைகள்தோறும் வைரவர் இருக்கிறார். அவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவருடைய வாகனத்தின் முன் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பி, கூட்டுக்குள் நிற்கும் வாகனத்துக்குப் பழஞ்சோற்றைத் தள்ளிவிடுகிறோம். 'நன்றியுள்ள பிராணி' என்று பாடசாலைக் கட்டுரையில் எழுதாத தமிழன் இல்லை. அதன் நன்றியைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், நமது கடனைப் பற்றி ஒரு வரியாவது எழுதினோமா?

நண்பரே, உங்கள் அல்சேஷன் சத்தம் போடாமல் நிற்பதை நல்ல குணம் என்று எண்ணாதீர்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணினேன். கூட்டைத் திறந்து வைத்துவிட்டு, எட்டி நின்று ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பாய்ந்து வந்தால் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வாசலில் தயங்கி நின்றால், மூன்று சிரட்டைகளை எடுத்துக்கொண்டு நீங்களே அதன் பக்கத்தில் போய் அமருங்கள்.

முழங்கால் கொஞ்சம் வலிக்கும். எனக்கும் வலிக்கிறது.